சுஜாதா மதினி சைக்கிள் ஓட்டிய ஊர்

போடிமெட்டு
பிப்ரவரி 9

அன்புள்ள அனு,

முக்கியமான விஷயம் எதையும் இனி போனில் பேச வேண்டாம், எழுதுங்கள் என்று நீதான் சொன்னாய். தோட்டத்து வீட்டில் டவர் பாதியில் போய்விடுகிறது. நான் கோபத்தில் வைத்துவிட்டேன் என்று நீ நினைத்துக்கொள்கிறாய். அதனால் எழுதுகிறேன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் உட்கார்ந்து போனில் தட்டி, மெட்டுக்கு வந்து அனுப்புகிறேன்.

எனக்கு விசா கிடைக்கவில்லை. மொக்கச்சாமிக்கும் சுஜாதாவுக்கும் கிடைத்துவிட்டது.

மூன்று பேரும் கொச்சிக்குப் போய்த்தான் பாஸ்போர்ட்டை வாங்கினோம். என் உறையில் ஒரு தாள் இருந்தது. மனைவி அங்கே படிப்பதால் நான் ஊர் திரும்புவேன் என்ற நம்பிக்கை அவர்களுக்கு ஏற்படவில்லையாம். அவ்வளவுதான்.

இப்போது சொல்ல வந்தது வேறு. மொக்கச்சாமி போகவே மாட்டேன் என்று நின்றான். "மாப்ளே, நீ இல்லாம நாங்க எதுக்குடா அங்க? டூலிப் பூவ பாக்கவா? நம்மூர்ல பூவே இல்லையா?" என்றான். சுஜாதா பாஸ்போர்ட்டைத் திறந்து அந்த ஸ்டிக்கரைப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் போன தூரம் பழனியும் திருச்செந்தூரும்தான். அவன் பிழைப்பு போடியிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் ஏற்றி இறக்கும் ஜீப்போடு சரி. இந்த ஒரு தடவை கிளம்பினால்தான் உண்டு. "நீங்க போயிட்டு வாங்க, அனு பாத்துக்குவா" என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஏப்ரல் இரண்டாவது வாரம் வருவார்கள். ஒரு வாரம் உன்னோடு இருப்பார்கள். சுஜாதாவுக்குக் குளிர் ஆகாது. மொக்கச்சாமிக்கு மூன்று வேளையும் சோறு வேண்டும். மற்றபடி தொந்தரவு இல்லாதவர்கள்.

தோட்டத்தில் காய் எடுப்பு முடிந்துவிட்டது. இனி கோடைக்குத் தண்ணீர் பார்க்க வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஈஸ்வரன்

*

வாகனிங்கன், நெதர்லாந்து
பிப்ரவரி 12

மாமா,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்களுக்கு விசா இல்லை என்பதற்கு நாலு வரி. மொக்கச்சாமி அண்ணனுக்குச் சோறு வேண்டும், மதினிக்குக் குளிர் ஆகாது என்பதற்கு ஒரு பத்தி. என்னைப் பற்றிக் கடைசியில் இரண்டு வார்த்தை. "உடம்பைப் பார்த்துக்கொள்." அதையும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம்.

நீங்கள் வருவீர்கள் என்று நான் இங்கே என்னவெல்லாம் செய்து வைத்திருக்கிறேன் தெரியுமா? ஒரு கட்டிலுக்கு இன்னொரு தலையணை வாங்கினேன். பழைய சாமான் கடையில் ஆண்கள் சைக்கிள் ஒன்று பார்த்து, எடுத்து வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். எதிர் அறை எலெனியிடம், கிரேக்கத்திலிருந்து வந்து என்னோடு படிக்கிறாளே அவளிடம், உங்களைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது. இப்போது அந்த இடத்துக்கு வேறு யாரோ வருவார்கள். நான் சிரித்துக்கொண்டே ஊர் சுற்றிக் காட்ட வேண்டும்.

மாமா, இது நீங்கள் மனதில் நினைத்திருக்கிற வீடு இல்லை. மாணவர் விடுதி. எனக்கு ஒரு அறை. அதில் கட்டில், மேசை, ஒரு நாற்காலி. சமையலறை ஏழெட்டுப் பேருக்குப் பொது. குளியலறையும் பொது. அவர்களை எங்கே படுக்க வைப்பேன்? அந்த வாரம்தான் என் ஆய்வுத் திட்டத்தைத் துறையில் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். ஏலச்செடிக்கு வரும் தேனீக்களைப் பற்றி என்னவெல்லாம் கேட்பார்களோ என்று இப்போதே கேள்விகளை எழுதி எழுதிப் பார்க்கிறேன். அது சரியாக அமையாவிட்டால் வேறு தலைப்பு பார் என்று சொல்லிவிடுவார்கள்.

என்னால் முடியாது. அவர்கள் நல்லவர்கள், தெரியும். ஆனால் முடியாது. நீங்கள் வாக்குக் கொடுக்கும் முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

உங்களுக்கு வருத்தமே இல்லையா? அதையாவது எழுதுங்கள்.

அனுசியா

*

போடி
பிப்ரவரி 18

அனு,

சரி. வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்று நினைத்துத்தான் மலை இறங்கினேன்.

மொக்கச்சாமி வீட்டு வாசலிலேயே வறுத்த மிளகாய் நெடி. சுஜாதா பருப்புப்பொடி இடித்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, அனுவுக்கு உப்பு எம்புட்டுப் போடணும்? அவளுக்கு ஒறப்பு ஆகுமா இன்னும்?" என்று கேட்டாள். மொக்கச்சாமி மதுரையில் வாங்கி வந்த கம்பளிக் குல்லாவைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றான். வேர்த்து ஊற்றியது. கழற்ற மாட்டேன் என்கிறான். "பழகணுமில்ல மாப்ளே" என்றான்.

வந்த விஷயத்தைச் சொல்லாமலே காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டேன். நீயே சொல்லிவிடு. நீ சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வருத்தமா என்று கேட்டிருந்தாய். அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஈஸ்வரன்

*

வாகனிங்கன்
பிப்ரவரி 24

மாமா,

நான் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் மொக்கச்சாமி அண்ணனே கூப்பிட்டுவிட்டார். குரங்கணியில் லோடு இறக்கிவிட்டு நிற்கிறாராம். பின்னால் ஜீப்பு இரைகிறது, இவர் அதைவிடச் சத்தமாகப் பேசுகிறார்.

"தங்கச்சி, அங்க ரோடு எப்பிடி? வளைவு சாஸ்தியா?"

"இங்க வளைவே இல்லண்ணே. மலையே கிடையாது. ஊரே தட்டா இருக்கும்."

"மலையே இல்லையா? அப்ப எதவச்சுத்தா எந்தப் பக்கம் எந்தத் திசைன்னு கண்டுபிடிக்கிறது?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்த வாயோடு வர வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அடுத்து, ஜீப்பில் கூடவே வந்திருந்த மதினி போனை வாங்கி, "ஒனக்கு ஒண்ணும் சோலி வைக்க மாட்டோம் அனு, நீ பாட்டுக்குப் படி, நாங்க ஒரு ஓரமா இருந்துக்குறோம்" என்றார். அந்தக் குரலுக்கு அப்புறம் முடியவில்லை.

எலெனியிடம் கேட்டேன். அவள் தன் அறையை அவர்களுக்கு விட்டுவிட்டு என் அறையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். ஆக, வரட்டும். ஆனால் உங்கள் மேல் கோபம் போகவில்லை. தெரியாது என்று எழுதினால் ஆயிற்றா? தெரியாததை முயற்சி செய்து பாருங்கள்.

மதினியிடம் சொல்லுங்கள்: சேலைக்கு உள்ளே போட கம்பளிக் காலுறை, மூடிய செருப்பு, இரண்டும் கட்டாயம். ஊறுகாயைக் கைப்பையில் வைக்க வேண்டாம், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள்.

அனு

*

வாகனிங்கன்
ஏப்ரல் 14

மாமா,

வந்து சேர்ந்துவிட்டார்கள். நீங்கள் போனில் கேட்டபோது இருவரும் பக்கத்திலேயே நின்றதால் "நல்லா இருக்காங்க" என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை இப்போது எழுதுகிறேன்.

மொக்கச்சாமி அண்ணன் விமான நிலையத்திலிருந்து வந்த பஸ்சில் டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, வழியெல்லாம் அவர் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "நல்ல ஓட்டுக்காரன். ஆனா இவன மெட்டு ரோட்டுல விட்டா மூணாவது வளைவுல அழுதுருவான்" என்றார். பிறகு அந்த டிரைவருக்குக் கை கொடுத்துவிட்டு இறங்கினார். டிரைவர் என்ன நினைத்தாரோ, அவரும் எழுந்து நின்று கை கொடுத்தார்.

மதினியின் கதைதான் பெரிது. இரண்டாம் நாள் ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். குழந்தையை முன்னால் வைத்துக்கொண்டு ஒருத்தி சைக்கிளில் போனாள். அப்புறம் நரைத்த தலையோடு ஒரு அம்மா. அப்புறம் ஒரு கர்ப்பிணி. "இங்க பொம்பளைக எல்லாம் ஓட்டுவாகளா?" என்று கேட்டார். எல்லாரும் ஓட்டுவார்கள் மதினி என்றேன். அந்தக் கர்ப்பிணி போய் மறையும் வரை பார்த்துவிட்டு, "நானு சின்னதுல ஆசப்பட்டேன். எங்கய்யா அடிச்சுப்புட்டாரு" என்றார்.

உங்களுக்காகச் சொல்லி வைத்திருந்த சைக்கிளை அப்படியே விட்டிருந்தேன். கடைக்காரரிடம் போய் அதற்குப் பதிலாகத் தாழ்ந்த சைக்கிள் ஒன்றை எடுத்து வந்தேன். விடுதிக்குப் பின்னால் காலியாக ஒரு தளம் இருக்கிறது. மதினி சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, மேலே என் கோட்டைப் போட்டுக்கொண்டு ஏறினார். அண்ணன் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினார். மெட்டு ரோட்டில் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் வெற்றிலை மடிக்கிற மனிதர் இங்கே முகம் வெளிறி, "ஏய், மெல்ல! ஏய் சுஜாதா, மெல்ல!" என்று கத்திக்கொண்டே ஓடுகிறார். மதினி இரண்டு தடவை விழுந்தார். மூன்றாவது தடவை அண்ணனுக்கு மூச்சு வாங்கியதால் கையை விட்டுவிட்டார். மதினிக்கு அது தெரியாது. தளத்தின் கடைசி வரை போய், எப்படித் திரும்புவது என்று தெரியாமல் புல்லுக்குள் இறங்கி நின்றார். எலெனி ஜன்னலிலிருந்து கை தட்டினாள். மதினி அங்கேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

நன்றாகத்தான் போகிறது மாமா. எனக்கே ஆச்சரியம்தான். பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் போட்டுச் சோறு தின்றேன். அந்தப் பக்கத்து அறைகளில் இருப்பவர்களும் தின்றார்கள்.

வியாழக்கிழமை என் பேச்சு. அதற்கு முன்னால் எழுத நேரமிருக்காது.

அனு

*

வாகனிங்கன்
ஏப்ரல் 20

மாமா,

அவர்கள் இன்று காலை கிளம்பினார்கள். இந்நேரம் வானத்தில் இருப்பார்கள். வியாழக்கிழமை நடந்ததை அவர்கள் ஊருக்கு வந்து சொல்வதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

அன்று காலை நான் துறைக்குப் போய்விட்டேன். என் முறை வருவதற்குக் கொஞ்ச நேரத்துக்கு முன் வாசலில் சத்தம். மொக்கச்சாமி அண்ணன். குல்லாவைக் கையில் கசக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். விடுதியிலிருந்து அவ்வளவு தூரம் வழி கேட்டுக் கேட்டு நடந்தே வந்திருக்கிறார்.

"தங்கச்சி, அவளக் காணோம். சைக்கிள எடுத்துக்கிட்டு ஒரு ரவுண்டு வர்றேன்னு போனா. டீத்தண்ணி கூடக் குடிக்கல. எம்புட்டு நேரமாச்சு! போனையும் கட்டில்ல போட்டுட்டுப் போயிட்டா."

நான் பேராசிரியரிடம் போய், என் வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் காணவில்லை, நான் போக வேண்டும் என்றேன். அறை முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "போ, முதலில் அவரைக் கண்டுபிடி" என்றார். போகிற வழியெல்லாம் எனக்குத் தோன்றியது இதுதான்: போச்சு. இரண்டு வருஷப் படிப்பும் போச்சு.

ஊரெல்லாம் தேடினோம். சந்தைத் திடலில் இல்லை. தளத்தில் இல்லை. கடைசியில் ஆற்றங்கரைக்கு வந்தோம். இங்கே ரைன் ஆறு ஓடுகிறது, கரை உயரமாகக் கட்டியிருப்பார்கள், மேலே சைக்கிள் பாதை. பாதை போய் முடிகிற இடத்தில், காரையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் ஒரு படகு. அக்கரையில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. என் கோட்டு.

படகில் ஏறிப் போனோம். மதினி ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் படகுத்துறை ஆள் ஒருவர். இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொள்கிறார்கள், அவரவர் பாஷையில். விஷயம் இவ்வளவுதான்: மதினிக்கு நேராக ஓட்டத் தெரியும், திரும்பத் தெரியாது. பாதை நேராகப் போனது, அவரும் போனார். படகில் எல்லாரும் ஏறினார்கள், அவரும் ஏறினார். கூட்டத்தோடு போனபோது யாரும் காசு கேட்கவில்லை, திரும்பி வரக் கையில் காசில்லை. அந்த ஆள் உட்கார வைத்துக் காப்பி கொடுத்திருக்கிறார்.

அண்ணன் மதினியைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான்தான் கத்தினேன். உங்களுக்கு என்ன நினைப்பு, எனக்கு இன்றைக்கு என்ன நாள் தெரியுமா, எல்லாம் உங்களால் போச்சு, இதற்குத்தான் வர வேண்டாம் என்று நினைத்தேன் என்று அதையும் சொல்லிவிட்டேன். படகில் வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மதினி கோப்பையைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை.

"திட்டு அனு. நான் செஞ்சது தப்புதான். ஆனா வர வேண்டாம்னு நெனச்சேன்னு சொன்னேல்ல, அதுக்கு ஒண்ணு சொல்றேன் கேளு. கொச்சியில எங்க கையில விசாவக் குடுத்தப்ப அண்ணன் சிரிச்சாரு. எங்களுக்கு டீ வாங்கிக் குடுத்தாரு. போயிட்டு வாங்கன்னாரு. மூணாறு தாண்டுற வரைக்கும் பேச்சும் சிரிப்பும்தான். அப்பறம் ஒரு வளைவுல ஜீப்ப ஓரங்கட்டிட்டு எறங்கிப் போனாரு. ஏதோ ஒதுங்கப் போறாருன்னு இருந்தோம். பாத்தா தேயிலைக்குள்ள முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறாரு. தோளு குலுங்குது. இவரு எறங்கப் போனாரு, நான்தான் புடிச்சு நிறுத்துனேன். திரும்பி வந்து சாவிய இவரு கையில குடுத்துட்டுப் பின்னாடி ஏறி உக்காந்துக்கிட்டாரு. அவரு ஜீப்ப இன்னொருத்தன் ஓட்டி நீ பாத்திருக்கியா? அம்புட்டு ஆசைய வச்சுக்கிட்டு, அவருக்குப் பதிலாத்தான் எங்கள அனுப்புனாரு. நாங்க ஒன்னயப் பாத்தா அவரு பாத்த மாதிரின்னு."

மாமா, நான் அந்த பெஞ்சில் மதினி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். படகு ஒரு தடவை போய் வந்தது.

பேச்சு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பேராசிரியர் மறுநாளைக்கு மாற்றி வைத்திருந்தார். அவர்கள் இருவரும் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். நன்றாகப் பேசினேன் என்று நினைக்கிறேன். மிச்சத்தை மொக்கச்சாமி அண்ணன் சொல்லட்டும்.

எழுதத் தெரியவில்லை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். நான் அதைச் சாக்கு என்று நினைத்தேன்.

உங்கள் அனு

*

போடிமெட்டு
ஏப்ரல் 28

அன்புள்ள அனு,

சுஜாதாவுக்கு வாயில் எதுவும் நிற்காது. அதைச் சொல்லியிருக்க வேண்டாம். மூணாறு ரோட்டில் அன்று தூசி அதிகம்.

சரி. தூசி இல்லை.

நான் அவர்களைக் கூட்டிவரப் போயிருந்தேன். விமான நிலையத்தில் தொடங்கிய பேச்சு மொக்கச்சாமி வீட்டு வாசல் வரை ஓயவில்லை. உன் பேச்சைப் பற்றி அவன் சொன்னதைக் கேள். "மாப்ளே, தங்கச்சி இங்கிலீசுல பேசுது, ஒரு எழவும் எனக்கு வெளங்கல. ஆனா அத்தன பேரு ஒக்காந்திருக்கான், ஒருத்தன் போனப் பாக்கல, பாத்துக்க. நம்ம ஊரு மீட்டிங்குல இப்பிடிப் பாத்திருக்கியா?" என்றான். திரையில் நம் தோட்டத்து ஏலச்செடி வந்ததாம், ஓரத்தில் யாரோ பூச்சரத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டுகிற கை மட்டும் தெரிந்ததாம். இவன் எழுந்து நின்று, "அது எங்க ஈஸ்வரன் கை!" என்று கத்தினானாம். எல்லாரும் சிரித்தார்களாம், நீயும் சிரித்தாயாம். கையை எப்படிடா கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். "எத்தன வருசமா அந்தக் கையில டீக்கிளாஸ் வாங்கியிருக்கேன்" என்றான்.

இது அவன் சொன்னது. சுஜாதா சொன்னது வேறு. அதை நான் கேட்டே ஆக வேண்டும்.

அந்த எலெனியும் இவளும் சமையலறையில் கையாலும் கண்ணாலும், போனில் மொழிபெயர்த்துக் காட்டியும் நிறையப் பேசியிருக்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் அங்கே சாயங்காலம் ஆவதற்கு முன்பே இருட்டிவிடுமாமே. நீ வாரக்கணக்கில் அடுப்பு பற்ற வைக்கவில்லையாம். ரொட்டியை நின்றபடியே தின்றுவிட்டு, வெளிச்சம் போனதும் போய்ப் படுத்துக்கொள்வாயாம். எலெனி கதவைத் தட்டி எழுப்பி வகுப்புக்குக் கூட்டிப் போவாளாம். "அண்ணே, அந்தப் புள்ள இல்லாட்டி நம்ம அனு திரும்பி வந்திருக்கும்ணே, படிப்ப விட்டுட்டு" என்றாள் சுஜாதா.

அந்த டிசம்பரில்தான் நான் போன் செய்தபோதெல்லாம் நீ, "நல்லா இருக்கேன், இங்கே பனி அழகா இருக்கு" என்பாய். நான் அதை நம்பி, அவளுக்கென்ன, சந்தோஷமாக இருக்கிறாள் என்று போனை வைப்பேன். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும், சொல்லிவிடுகிறேன். நீ போவதற்கு முன் நான் ஒரு சொல்லும் தடுத்துச் சொல்லவில்லை. அதனால் கஷ்டம் என்று சொன்னால் என்னிடம் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாயா? நான் அப்படிப்பட்டவனா?

கோபமாக எழுதுகிற மாதிரி இருக்கிறது. கோபம் இல்லை. டவர் இல்லாதது ஒரு குறையே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. டவர் நன்றாக இருந்திருந்தாலும் நாம் இரண்டு பேரும் இந்த "நல்லா இருக்கேன்" என்பதையேதான் பேசியிருப்போம்.

எலெனிக்கு நம் ஏலக்காய் கொஞ்சம் அனுப்புகிறேன். நல்ல பச்சைக் காய், ஒரு சீராகப் பொறுக்கியது. எதற்கு என்று அவளிடம் சொல்ல வேண்டாம். நீயே அவளுக்கு டீ போட்டுக் கொடு.

ஈஸ்வரன்

*

வாகனிங்கன்
மே 6

அன்புள்ள மாமா,

ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். உங்களிடம் தோற்பது என்று இல்லை. போடியில் எல்லாரும் கேட்டார்களே, கல்யாணமான பெண்ணுக்கு எதற்கு இத்தனை தூரம் என்று. நீங்கள் அவர்கள் முன்னால் எனக்காக நின்றீர்கள். நான் இருட்டில் படுத்துக்கிடக்கிறேன் என்று தெரிந்தால், உங்களை அவர்கள் முன்னால் நிற்க வைத்துவிட்டு நான் ஓடி வந்த மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். இப்போது சரியாகிவிட்டது. இங்கே பொழுது நீண்டுவிட்டது, வெயில் அடிக்கிறது. தினமும் சமைக்கிறேன். வரும் குளிர்காலத்தில் கஷ்டமாக இருந்தால் கஷ்டமாக இருக்கிறது என்றுதான் எழுதுவேன். நீங்களும் ஜீப்பை ஓரங்கட்டினால் எழுத வேண்டும்.

இப்போது நல்ல செய்தி. என் திட்டத்தை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அன்றைக்கு ஒருவர், ஏலத்துக்குத் தேனீ இவ்வளவு முக்கியம் என்றால் அந்த மலையிலேயே போய்ப் பார்க்காமல் இங்கே உட்கார்ந்து என்ன செய்வாய் என்று கேட்டார். பேராசிரியர் அதைப் பிடித்துக்கொண்டார். பூ பூக்கும் பருவம் முழுக்க நான் நம் தோட்டத்தில் இருந்து வேலை செய்ய வேண்டும். ஜூன் முதல் வாரம் வருகிறேன், செப்டம்பரில் திரும்புவேன். மாமா, நீங்கள் விசா கேட்க வேண்டியதில்லை. நானே வருகிறேன்.

எலெனியும் வருகிறாள். கொஞ்ச நாள்தான், விடுமுறைக்கு. தன் அறையைக் கொடுத்தவளுக்கு நம் வீட்டில் இடம் இல்லை என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்று நானே வாக்குக் கொடுத்துவிட்டேன். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்படி இருக்கிறது?

கடைசியாக ஒன்று, இது விளையாட்டு இல்லை. ஓடைக்குக் கீழே இருக்கிற பத்தையில், அந்த ஒரு துண்டு நிலத்தில் மட்டும், இனி மருந்து அடிக்கக் கூடாது. இப்போதே நிறுத்தினால்தான் நான் வரும்போது தேனீ இருக்கும். இலைப்பேன் பூச்சி விழுந்து காய் சொரி பிடிக்கலாம், தெரியும். இந்த வருஷம் விளைச்சல் எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்திருப்பதும் தெரியும். கணவன் என்பதற்காகச் சரி என்று சொல்ல வேண்டாம். யோசித்துச் சொல்லுங்கள். முடியாது என்றால் பக்கத்துத் தோட்டத்தில் கேட்டுப் பார்க்கிறேன்.

உங்கள் அனு

*

போடிமெட்டு
மே 13

அனு,

யோசித்தேன். முதலில் முடியாது என்றுதான் முடிவு செய்தேன். போன வருஷம் பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடிக்கத் தவறி, காயெல்லாம் பொருக்குத் தட்டிப் போனதை நீ பார்க்கவில்லை. சோலை அண்ணனும், இத்தனை வருஷம் நம் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற மனுஷன், "ஈஸ்வரா, கீழப் பத்தையில ஆரம்பிச்சா மேல ஏறாதுன்னு என்ன நிச்சயம்?" என்றார். நியாயமான கேள்வி.

பிறகு ஓடைக்குக் கீழே போய் நின்றேன். நீ கிளம்பியதிலிருந்து அந்தப் பக்கம் நான் அதிகம் போவதில்லை. போன வருஷம் மருந்து அடித்த மறுநாள் வந்து பார்த்தபோது, அங்கே ஒரு சத்தமும் இல்லை என்று கவனித்தேன். அப்போது அது நல்லது என்று நினைத்தேன்.

அடிக்கவில்லை. கீழ்ப் பத்தை உனக்கு. பேன் விழுந்தால் விழட்டும், மேலே ஏறினால் அப்போது நாம் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்வோம். பக்கத்துத் தோட்டத்தில் போய்க் கேட்கிற வேலை வைத்துக்கொள்ளாதே.

எலெனிக்கு மேற்கு அறை. ஜன்னல் கண்ணாடியை மாற்றியாயிற்று. அவள் என்ன சாப்பிடுவாள்?

ஈஸ்வரன்

*

வாகனிங்கன்
மே 17

மாமா,

அவள் எல்லாம் சாப்பிடுவாள். மதினியின் புளிக்குழம்பை இன்னும் மறக்கவில்லை. ஊரைப் பற்றித் தினமும் ஏதாவது கேட்கிறாள். "அங்கே நான் சைக்கிள் ஓட்டலாமா?" என்றாள். மெட்டு ரோட்டின் படத்தைக் காட்டினேன். அப்புறம் கேட்கவில்லை.

கீழ்ப் பத்தையைப் பற்றி நீங்கள் எழுதியதை எலெனிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "அங்கே ஒரு சத்தமும் இல்லை" என்ற இடத்தைத் தமிழிலேயே ஒரு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினேன். எழுதத் தெரியாது என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள்.

டிக்கெட் எடுத்துவிட்டோம். கொச்சியில் இறங்குகிறோம்.

அனு

*

போடிமெட்டு
மே 30

அன்புள்ள அனு,

நீ கிளம்புவதற்கு முன் இது வந்து சேர்ந்துவிடும்.

கொச்சிக்கு யார் ஜீப்பை ஓட்டுவது என்று எனக்கும் மொக்கச்சாமிக்கும் தகராறு. விருந்துக்குப் போனவனுக்குத்தான் திருப்பிக் கூட்டி வருகிற உரிமையாம். கடைசியில் போகும்போது அவன், வரும்போது நான் என்று பேசி முடித்தோம். சுஜாதாவும் வருகிறாள். அவள் போடியில் ஒரு சைக்கிள் வாங்கிவிட்டாள். காலையில் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து ரோட்டில் ஓட்டுகிறாள். முதல் வாரம் கடைத்தெருவே நின்று பார்த்தது. இப்போது எதிர்வீட்டுச் செல்லத்தாய் அக்காவும் இன்னும் இரண்டு பேரும் அவளிடம் பழக வருகிறார்களாம். திருப்புவதற்கும் இப்போது தெரியுமாம், என்னிடம் இரண்டு தடவை சொன்னாள்.

கோடை மழை நல்லபடியாகப் பெய்தது. இலைப்பேன் கொஞ்சம் தென்படுகிறது, மறைக்கவில்லை. ஆனால் மேலே ஏறவில்லை.

நேற்றுக் காலை கீழ்ப் பத்தைக்குப் போனேன். சரம் எல்லாம் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கிறது, பூ விட ஆரம்பித்துவிட்டது. நின்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. குனிந்து பார்த்தேன், சரியாகத் தெரியவில்லை. யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு ஈரத் தரையில் குப்புறப் படுத்துவிட்டேன். கன்னம் மண்ணில் பட்டால்தான் பூ கண்ணுக்கு நேராக வருகிறது. வெள்ளை இதழில் அந்தச் செவ்வூதாக் கோடு இருக்கிறதே, இத்தனை வருஷம் ஏலச்செடி வளர்த்தும் அதை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒன்று வந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து, போடியிலிருந்து ஜீப்பில் வந்திறங்கிய ஆட்கள் ஓடைப் பக்கமாக வந்தார்கள். முன்னால் வந்த அன்னக்கொடி கூடையைப் போட்டுவிட்டு, "ஐயோ, அண்ணே விழுந்து கெடக்காரு! வெரசா வாங்க!" என்று கத்தினாள். எல்லாரும் ஓடி வந்தார்கள். நான் தலையைத் தூக்காமல், "ஒண்ணுமில்ல ஆத்தா, ஈ பாக்குறேன்" என்றேன். எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். சோலை அண்ணன் கிட்டே வந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு துண்டை விரித்து என் பக்கத்தில் அவரும் படுத்துக்கொண்டார். வெகு நேரம் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"இதுல நம்ம அனு புள்ள தேடுறது எது ஈஸ்வரா, கறுப்பா, கோடு போட்டதா?"

எனக்குத் தெரியவில்லை. அவள் வந்து சொல்லுவாள் என்றேன்.

மழை பிடிப்பதற்குள் வந்துவிடு.

உன்
ஈஸ்வரன்